மாஸ்க்கை யார் பிடிப்பது?

நான் வேலை பார்த்த மருத்துவமனைக்குப் போன மாதம் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளப் போயிருந்தேன். ஓய்வு பெற்றவர்களுக்கு அங்கே இன்னும் டீ கொடுக்கிறார்கள். டீ வரும்வரை அவசரப் பிரிவில் போய் நின்றேன். கணுக்கால் முறிந்து வந்திருந்த ஒரு பெண்ணுக்கு எலும்பை நேராக்கப் போகிறார்கள். வலி குறைய அந்தக் காலத்தில் நாங்கள் சிலிண்டரிலிருந்து கொடுத்த வாயு இப்போது சுவரில் பதித்த குழாயிலிருந்தே வருகிறது. ஒரு புது நர்ஸ் மாஸ்க்கை எடுத்து, மிகுந்த பரிவோடு அந்தப் பெண்ணின் முகத்தில் வைத்து அழுத்திப் பிடித்தாள்.

"அவங்க கையில குடும்மா" என்றேன்.

"பாவம் மேடம், துடிக்கிறாங்க. நானே புடிச்சிக்கிறேன்."

"பாவம்னாதான் அவங்க கையில குடுக்கணும்."

அவள் கொடுத்தாள். பெண் தானே பிடித்து மூச்சை இழுத்தாள், கணுக்கால் நேரானது. பிறகு அந்த நர்ஸ் என் டீயைத் தானே கொண்டுவந்து வைத்தாள்.

"ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே? கட்டில் பக்கத்துல வந்ததும் ஏன் மேடம் கையைப் பின்னால கட்டிக்கிறீங்க? இங்க இருக்கிற பழைய சிஸ்டருங்க எல்லாரும் அப்படித்தான் நிக்கிறாங்க. ஹோம்வொர்க் எழுதாத பசங்க மாதிரி."

சிரித்துவிட்டேன். ஆனால் டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல அது. அதனால் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

நான் வில்லியனூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவப் பங்கு ஊர் ஒன்றைச் சேர்ந்தவள். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. டவுனில் ஒரு கிடங்கிலும் வேலை பார்த்தார். எனக்குக் கணக்கும் ஒழுங்கும் பிடிக்கும் என்பதால் நர்ஸ் படிப்புக்கு அனுப்பினார்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. படுக்கை விரிப்பின் மூலையை மடிக்கக் கற்றேன். ஊசியைக் கொதிக்க வைக்கக் கற்றேன். வலியில் கத்துகிறவரை "சத்தம் போடக் கூடாது" என்று அதட்டவும் கற்றேன். வலிக்கான மருந்து என்றால் பூட்டிய அலமாரியில் இருக்கும் பெத்திடின் ஊசி. சாவி பெரிய சிஸ்டரின் இடுப்பில் இருக்கும். அந்தச் சாவி அசையும் சத்தத்துக்கு நோயாளிகள் தலையைத் திருப்புவார்கள்.

அறுபதுகளின் கடைசியில், வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவில் இருந்த இந்த மருத்துவமனையில் சேர்ந்தேன். அப்போது அது ஓடு போட்ட ஒரு நீளமான கட்டடம், ஒரு வேன், ஒரு டாக்டர்.

டாக்டர் அருளானந்தத்துக்கு அப்போதே தலை நரைத்திருந்தது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். கூலிக்காரரோ மிராசுதாரரோ, ஆண் என்றால் "முசே", பெண் என்றால் "மதாம்". "வாங்க முசே, இன்னா பண்ணிக்கினீங்க?" என்று அவர் கேட்டால், வேட்டியில் சேறு காயாத ஆள்கூட முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து பதில் சொல்வார். எங்களைத் திட்ட மாட்டார். தவறு செய்தால் அந்த வேலையை முதலிலிருந்து அவரே மெதுவாகச் செய்து காட்டுவார். நாம் நின்று பார்க்க வேண்டும். திட்டு வாங்கியிருக்கலாமே என்று தோன்றும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், சென்னையிலிருந்து லாரியில் இரண்டு சிலிண்டர்கள் வந்து இறங்கின. நீல உடம்பு, தோள்பட்டையில் நீலமும் வெள்ளையுமாகக் கட்டங்கள். உள்ளே பாதி ஆக்சிஜன், பாதி நைட்ரஸ் ஆக்சைடு. சிரிப்பு வாயு என்று பாடத்தில் படித்ததுதான், ஆனால் ஆக்சிஜனோடு முன்கூட்டியே கலந்து அடைத்தது. மயக்கம் கொடுக்க அல்ல, வலியை மட்டும் குறைக்க. கூட வந்த குறிப்பை டாக்டர் எங்களுக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னார்.

"கடுங்குளிர்ல வைக்கக் கூடாதாம். குளிர்ந்தா ரெண்டு வாயுவும் பிரிஞ்சிடுமாம். பனி உறையற இடத்துல ஜாக்கிரதை."

வேன் டிரைவர் கோவிந்தன் சிலிண்டர் இறக்கிய வேர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "பனியா? மார்கழி மாசமே இங்க சட்டை போட முடியல சார். அதுக்குத் துப்பட்டி வாங்கிப் போத்தணுமா இன்னா?"

"வாணாம் முசே. நிழல்ல படுக்க வைங்க, போதும்."

அன்றிலிருந்து கோவிந்தன் சிலிண்டருக்குப் "பாப்பா" என்று பேர் வைத்துவிட்டார். "பாப்பா தூங்குது, சத்தம் போடாதீங்க" என்பார். வேனில் அதைப் படுக்க வைக்கும் இடத்தில் சாக்கு மடித்துப் போட்டிருப்பார். மேட்டில் வேன் ஏறி இறங்கும்போது ஒரு கையைப் பின்னால் நீட்டி அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

வாயுவைக் கொடுக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். சிலிண்டரிலிருந்து ஒரு குழாய். அதன் முனையில் ஒரு வால்வு. வால்வில் கறுப்பு ரப்பர் மாஸ்க். நோயாளி மூச்சை இழுத்தால்தான் வால்வு திறந்து வாயு வரும். ஒவ்வொரு இழுப்புக்கும் 'டிக்' என்று ஒரு சத்தம். இழுக்காவிட்டால் சத்தமும் இல்லை, வாயுவும் இல்லை. நாலைந்து நல்ல இழுப்பில் வலி பின்வாங்கத் தொடங்கும். நிறுத்தினால் சில நிமிடத்தில் ஆள் தெளிந்துவிடுவார். அதனால் வலி வருவதற்கு முன்பே இழுக்கச் சொல்ல வேண்டும். வந்த பிறகு இழுத்தால் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். தலையில் அடிபட்டவருக்கும் நெஞ்சில் அடிபட்டவருக்கும் கூடாது. குடித்துவிட்டு வந்தவருக்கும் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலான விதி, மாஸ்க்கை நோயாளியே பிடிக்க வேண்டும். அளவுக்கு மேல் போனால் அவருக்குத் தூக்கம் வரும், கை தளரும், மாஸ்க் விழும், வாயு நின்றுவிடும். விழுகிற கைதான் பூட்டு. வேறு பூட்டு அந்தக் கருவியில் கிடையாது.

டாக்டர் ஒவ்வொரு புது நோயாளிக்கும் முன்னால் மாஸ்க்கைத் தன் முகத்தில் வைத்து இரண்டு முறை இழுத்துக் காட்டுவார். டிக், டிக். "பாத்தீங்களா முசே, நான் இன்னும் நிக்கிறன்." பிறகு ஸ்பிரிட்டால் துடைத்து அவர் கையில் கொடுத்துவிட்டு இரண்டடி பின்வாங்கித் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். கண் மட்டும் நோயாளியின் முகத்தில் இருக்கும். அந்த நிற்பில் ஒரு மரியாதை இருந்தது. இனி உங்கள் காரியம், நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லாமல் சொல்வது போல.

குறிப்பை எழுதியவர்களுக்கு நம் ஊரைத் தெரியாது. நம் பக்கத்தில் நோயாளி தன் கையால் எதையும் செய்வதில்லை. தண்ணீர் டம்ளரைப் பிடிப்பது அக்கா. வாய் துடைப்பது அம்மா. எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்டால் பதில் சொல்வது மாமன். படுத்திருப்பவர் கையைத் தூக்கினால் சுற்றி நிற்கும் ஆட்களுக்கு அவமானம்.

மணப்பட்டிலிருந்து ஒரு மீனவத் தம்பியை அவருடைய இரண்டு அண்ணன்மார் மீன் லாரியில் கொண்டுவந்தார்கள். கால் பாதத்தில் திருக்கை மீனின் முள் ஏறி உடைந்திருந்தது. டாக்டர் மாஸ்க்கைக் கொடுத்து, விளக்கி, முள்ளை எடுக்கக் குனிந்தார். நான் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். டிக், டிக் என்று நல்ல ஒழுங்காக வந்தது. பிறகு அந்தச் சத்தம் மெதுவாகி, நீண்டு, ஒரு குறட்டை கேட்டது. நிமிர்ந்து பார்த்தால், பெரிய அண்ணன் தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் மாஸ்க்கை அழுத்திக்கொண்டிருக்கிறார். கண்ணில் தண்ணீர் ஓடுகிறது. "இழுடா ராஜா, நல்லா இழுடா" என்கிறார். தம்பியின் இரண்டு கையும் எப்போதோ தொங்கிவிட்டிருந்தன.

டாக்டர் மாஸ்க்கைத் தட்டிவிட்ட அதே நேரம் தம்பி வாந்தி எடுத்தார். காலையில் குடித்த கூழ். பக்கவாட்டில் புரட்டி, தலையைத் தாழ்த்தி, வாயைத் துடைத்து, குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தோம். மாஸ்க் இன்னும் கொஞ்சம் முகத்தில் இருந்திருந்தால் அவ்வளவும் நுரையீரலுக்குள் போயிருக்கும். சிறிது நேரத்தில் தம்பி கண்ணைத் திறந்து, "முள்ளு எங்க?" என்று கேட்டார். அது டாக்டரின் கையில் இருந்தது.

பெரிய அண்ணனிடம் டாக்டர் கோபப்படவில்லை. "நீங்க ஏன் முசே புடிச்சீங்க?"

"நான் ஒருத்தன் இருக்கறப்ப அவன் எதுக்கு சார் கையத் தூக்கணும்?"

அடுத்த நாளிலிருந்து, மாஸ்க் வெளியே வந்தால் அறையில் இருக்கும் எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும் என்றாகிவிட்டது. உறவுக்காரர், நர்ஸ், கோவிந்தன், டாக்டர் எல்லோரும். "கையைக் கட்டுங்க" என்றால் கோயிலில் நிற்கிற மாதிரி முன்னால்தான் கட்டுவார்கள். "பின்னால, மதாம், பின்னால" என்பார் டாக்டர். முன்னால் கட்டிய கை சட்டென்று நீண்டுவிடும்; பின்னால் கட்டிய கை வருவதற்குள் ஒரு யோசனை வந்துவிடும் என்பது அவர் கணக்கு.

பல வருடம் இது சரியாக நடந்தது. பிறகு ஒதியம்பட்டுப் பக்கத்திலிருந்து அந்த அழைப்பு வந்தது.

கரும்பு வெட்டு நடக்கும் காலம். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். சைக்கிளில் வந்த ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "வெல்லக் கொட்டாய்ல ஏழுமலைக்கு ரெண்டு கையும் ஆலையில மாட்டிக்கிச்சு. இன்ஜின நிறுத்திட்டோம். கைய எடுக்க வரல. அப்படியே நிக்கிறான்."

டாக்டரும் வேனில் ஏறினார். கோவிந்தன் பாப்பாவைச் சாக்கில் படுக்க வைத்தார்.

கரும்பு ஆலை என்றால் பெரிய தொழிற்சாலை அல்ல. கீற்றுக் கொட்டாய்க்கு வெளியே, ஆயில் இன்ஜினில் பெல்ட் போட்டு ஓட்டும் மூன்று இரும்பு உருளைகள். கரும்பை ஒருவர் கையால் உருளைகளுக்கு நடுவே கொடுப்பார். சாறு ஒரு பக்கம் வழியும், சக்கை மறுபக்கம் விழும். ஏழுமலை தன் சொந்தக் கரும்பை அன்று தானே கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். வலது கை விரல்கள் கரும்போடு போயிருக்கின்றன. அதை இழுக்க இடது கையைக் கொண்டுபோனார். அதுவும் உள்ளே போய்விட்டது. நாங்கள் போனபோது அவர் உருளைகளுக்கு முன்னால் முழங்காலை மடக்கிக் குனிந்து நின்றுகொண்டிருந்தார். வலது கை உள்ளங்கை தாண்டி உள்ளே. இடது கையின் விரல்கள் உள்ளே. முகம் சாம்பல் நிறம். வாயில் மடித்த துண்டு ஒன்றைக் கடித்திருந்தார். அவர் மனைவி அஞ்சலை அவர் நெற்றியைத் தன் தோளில் தாங்கிக்கொண்டிருந்தாள்.

உருளையைக் கையால் பின்பக்கம் சுற்றிவிடலாம் என்று நாலு பேர் தயாராக இருந்தார்கள். டாக்டர் தடுத்தார். போன வழியே திரும்பினால் இன்னொரு முறை நசுங்கும். மிச்சம் இருக்கிற விரலும் போய்விடும். மேல் உருளையின் போல்ட்டுகளைக் கழற்றி அதை நேராகத் தூக்க வேண்டும். ஆலையின் இன்ஜின் மெக்கானிக் ஏற்கனவே ஸ்பேனரை மாட்டிப் பார்த்திருந்தார். பழைய சாறும் துருவும் ஏறி போல்ட் இறுகிக் கிடந்தது. சுத்தியலால் ஸ்பேனரை ஒரு தட்டு தட்டினார். அந்த அதிர்வு உருளை வழியாகக் கைகளுக்குப் போனது. ஏழுமலை துண்டுக்குள்ளிருந்து போட்ட சத்தத்தில் மெக்கானிக் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னால ஆவாது சார். வேற ஆளப் பாருங்க."

"நீங்கதான் செய்யணும் முசே. கொஞ்சம் பொறுங்க."

பெத்திடினை டாக்டர் யோசித்ததை நான் பார்த்தேன். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது, ஆள் நின்றுகொண்டிருக்கிறார். அந்த ஊசி உள்ளே போனால் திரும்ப எடுக்க முடியாது. அவர் கால் மடங்கி விழுந்தால் உடம்பின் எடை முழுவதும் அந்தக் கைகளில்தான் தொங்கும். வாயுதான் வழி. உடனே தொடங்கும், உடனே நிற்கும்.

நான் வால்வைத் திறந்து மாஸ்க்கைப் பொருத்தினேன். வழக்கம்போல அதை நோயாளியின் கைக்கு நீட்டப் போனேன். கை எங்கே?

அஞ்சலைதான் முதலில் புரிந்துகொண்டாள். "குடுங்க சிஸ்டர், நான் புடிக்கிறன்."

"கூடாதும்மா."

"ஏன் கூடாது?"

"அவரே புடிக்கணும்."

"எதால புடிப்பாரு? கண்ணு தெரியலயா உனக்கு?" என்றாள். அவள் பேச்சில் எனக்கான மரியாதை போய்விட்டது, அதில் தவறில்லை. டாக்டரிடம் திரும்பினாள். "டாக்டரய்யா, உங்க சட்டத்த உங்க ஆஸ்பத்திரியில வச்சிக்குங்க. என் புருஷன் நிக்கறத பாருங்க. நான் புடிச்சா இன்னா ஆயிடும்?"

மணப்பட்டுத் தம்பியின் குறட்டை என் காதில் கேட்டது. அவராவது படுத்திருந்தார், புரட்ட முடிந்தது. இவரை எங்கே புரட்டுவது? நின்றபடி வாந்தி எடுத்தால், நினைவும் இல்லாவிட்டால், கை உருளைக்குள் இருக்கையில் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அவள் கேட்டதற்கு இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கவும் முடியாது. டாக்டரின் கை அன்றும் பின்னால்தான் இருந்தது. அவர் ஏழுமலையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, "மதாம், இந்தத் துண்டை யாரு குடுத்தது?" என்று கேட்டார்.

"நான்தான். நாக்கக் கடிச்சிக்கப் போறாரேன்னு குடுத்தன்."

"எடுங்க."

அஞ்சலை துண்டை இழுத்தாள். வரவில்லை. ஏழுமலையின் பல் அதை அப்படிப் பிடித்திருந்தது. "வுடுய்யா" என்று அவள் சொன்ன பிறகுதான் வந்தது.

"செசிலி, மாஸ்க்கைக் கழட்டுங்க. பெட்டியில இருக்கற அந்தச் சின்ன ரப்பர் குழாயை மாட்டுங்க" என்றார் என்னிடம்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மாஸ்க்கை எடுத்துவிட்டு, வாயில் வைத்து ஊதும் அளவுக்குத் தடித்த ஒரு துண்டுக் குழாயை வால்வில் பொருத்தினேன். கை தளர்ந்தால் மாஸ்க் விழும். பல் தளர்ந்தால் குழாய் விழும். பூட்டு அதேதான், இடம் மட்டும் வேறு.

டாக்டர் ஏழுமலையின் காதருகில் குனிந்தார். குழாயைத் தன் வாயில் வைத்து இரண்டு முறை இழுத்துக் காட்டினார். அந்த நிலையிலும் அந்த வழக்கத்தை விடவில்லை. "பாத்தீங்களா முசே, நான் நிக்கிறன். கரும்பு கடிக்கற மாதிரி இதக் கடிங்க. வாயால இழுங்க. தூக்கம் வந்தா வுட்டுடுங்க. நாங்க யாரும் திரும்ப வாயில திணிக்க மாட்டோம். வேணும்னா நீங்களே கேட்டு வாங்கிக்கணும்."

இன்னொரு சிக்கல் இருந்தது. வாயில் குழாய் இருந்தால் ஆள் மூக்கால் மூச்சு விடுவார், வாயு வராது. டாக்டர் அஞ்சலையைப் பார்த்தார். "மதாம், மூக்கை மட்டும் நீங்க புடிங்க. ரெண்டு விரலால. குழாய அவரு வுட்டாருன்னா நீங்களும் வுட்டுடணும். அவரு வுட்டப்புறம் ஒரு நொடி கூடப் புடிக்கக் கூடாது."

"புடிக்கிறன்."

"சரியா வுடணும்."

"வுடறன்யா, சொல்லிட்டன்ல."

ஏழுமலை முதல்முறையாகப் பேசினார். குரல் காற்றாக வந்தது. "கல்யாணம் ஆன நாளா... என் மூக்கப் புடிக்கணும்னு... இவளுக்கு ஆசை. குடுத்துட்டீங்களே சார்."

"பேசாம கடிய்யா" என்றாள் அஞ்சலை. இரண்டு விரலை அவர் மூக்கருகில் கொண்டுபோனாள்.

கோவிந்தன் பின்னாலிருந்து ஏழுமலையின் இடுப்பை அணைத்துத் தன் தொடையில் அவர் எடையைத் தாங்கிக்கொண்டார். நான் வால்வை உள்ளங்கையில் ஏந்தி, குழாயின் முனை அவர் உதட்டைத் தொடும் உயரத்தில் வைத்தேன். தள்ளவில்லை. அவர் தலையை நீட்டிக் கடித்துக்கொண்டார். டிக். டிக். டிக். தோள் இறங்கியது. நெற்றிச் சுருக்கம் கலைந்தது. நான் மெக்கானிக்கைப் பார்த்து, "இப்போ" என்றேன்.

தட்டினார். ஏழுமலை முனகினார், ஆனால் கத்தவில்லை. மறுபடியும் சில இழுப்பு. "இப்போ." போல்ட் அசையவில்லை. மெக்கானிக்கின் கண்ணில் வேர்வை இறங்கியது, யாரோ துடைத்துவிட்டார்கள். நான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சொல்வது, அவர் தட்டுவது என்று ஒரு தாளம் பிடிபட்டது. முதல் போல்ட் கிரீச்சென்று திரும்பியபோது சுற்றி நின்ற கூட்டமே மூச்சு விட்டது.

இரண்டாவது போல்ட்டின் நடுவில் ஏழுமலை குழாயை விட்டுவிட்டார். தாடை தொங்கியது, தலை சாய்ந்தது. அஞ்சலை மூக்கை விட்டாள். சொன்ன மாதிரி உடனே விட்டாள். ஆனால் அவளுடைய இன்னொரு கை குழாயை நோக்கி வந்துவிட்டது. அது என் விரலைத் தொட்டது. நான் குழாயை விலக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. மெக்கானிக் சுத்தியலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். அஞ்சலை அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், சேலையின் பின்கொசுவத்தைப் பிடித்துக்கொண்டாள்.

காத்திருந்தோம். வெல்லக் கொப்பரையில் பாகு கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஏழுமலை கண்ணைத் திறந்து, கன்றுக்குட்டி மடி தேடுவது போல உதட்டால் துழாவினார். குழாய் இருந்த இடத்திலேயே இருந்தது. கடித்துக்கொண்டார்.

"அஞ்சல" என்றார் குழாயைக் கடித்தபடியே.

"இன்னாய்யா?"

"உன் மூக்குத்தி ரெண்டா தெரியுது."

"ஒண்ணுதான்யா வாங்கிக் குடுத்த."

"ரெண்டா தெரியுதுல்ல... போதும்."

கோவிந்தன் சிரித்துவிட்டார். மெக்கானிக் சிரித்தார். அஞ்சலை அழுதுகொண்டே சிரித்தாள். நான் "இப்போ" என்றேன். அந்தத் தட்டில் இரண்டாவது போல்ட் திரும்பியது. நாலு பேர் மேல் உருளையைத் தூக்க, டாக்டர் தன் கைகளை முன்னால் கொண்டுவந்து ஏழுமலையின் கைகளை ஈரத் துணியில் ஏந்தி எடுத்தார்.

டவுனில் இருந்த பெரிய மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. வலது கையில் கட்டைவிரல் தவிர மற்றவை போய்விட்டன. இடது கையில் விரல்கள் இருந்தன; ஆனால் மடங்குமா, எதையாவது பிடிக்குமா என்று அங்கே யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. கட்டு மாற்றுவதற்கு மட்டும் எங்களிடம் வந்தார். ஒவ்வொரு முறையும் காய்ந்த துணியைப் பிரிப்பது பெரும் வலி. பாப்பாவைக் கொண்டுவருவோம், அவர் குழாயைக் கடிப்பார், அஞ்சலை மூக்கைப் பிடிப்பாள். எங்களைவிட அவளுக்கு அந்த வேலை நன்றாக வந்தது. டிக் சத்தம் தாமதமானாலே விரலை எடுத்துவிடுவாள்.

ஏழுமலை வாயுவுக்குப் பிறகு எப்போதும் ஒரே கேள்வியைக் கேட்பார். "சிஸ்டர், இந்தக் கையால சோறு தின்ன முடியுமா?"

"மொதல்ல ஆறட்டும்" என்பேன்.

"இவ ஊட்டறா. குழம்ப நிறைய ஊத்திடறா. எனக்குக் கெட்டியா வேணும். சொன்னா கேக்க மாட்டேங்கறா."

"நான் ஊட்டறதே பெருசு. இதுல கெட்டி வேணுமாம்" என்பாள் அஞ்சலை. ஆனால் வெளியே வராந்தாவில் வந்து என்னிடம் அவளும் அதையேதான் கேட்பாள், குரலைத் தாழ்த்தி. "அந்த இடது கையாவது வருமா சிஸ்டர்? இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. நான் பாத்துக்கறன். அவருதான் தாங்க மாட்டாரு." எனக்குத் தெரியாது என்பதால் தெரியாது என்றே சொன்னேன்.

இடது கையின் கட்டு சிறிதாகிக்கொண்டே வந்தது. விரல் நுனிகள் வெளியே தெரிந்தன. டாக்டர் ஒரு பஞ்சு உருண்டையைக் கொடுத்து வீட்டில் அமுக்கிப் பழகச் சொல்லியிருந்தார். பழகினாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அஞ்சலைதான் பதில் சொல்வாள்.

ஒரு நாள் காலை, வலது கைக்குக் கட்டு மாற்ற உட்கார்ந்தார். நான் வழக்கம்போல மாஸ்க்கைக் கழற்றிக் குழாயைப் பொருத்தப் போனேன்.

"இருங்க சிஸ்டர். அந்த மூடியே இருக்கட்டும்" என்றார் ஏழுமலை.

மாஸ்க்கை நீட்டினேன். அவர் இடது கையை மேசையிலிருந்து தூக்கினார். விரல்கள் உடனே மடங்கவில்லை. கட்டைவிரல் வால்வின் ஒரு பக்கம் போனது. மற்றவை மறுபக்கத்தைத் தொட்டு வழுக்கின. மறுபடியும் தொட்டன. மாஸ்க் ஆடியது. நான் கையை எடுக்கவில்லை. எடுத்தால் விழுந்துவிடும் என்று பயமாக இருந்தது. "வுடுங்க சிஸ்டர்" என்றார். விட்டேன்.

விழவில்லை. மெதுவாக, நடுங்கி நடுங்கி, அது அவர் முகத்துக்குப் போனது. பாதி வழியில் ஒரு பக்கம் சாய்ந்தபோது அஞ்சலையின் கை நீண்டது. அப்படியே நின்றது. பிறகு அவள் அதைத் திருப்பிக்கொண்டுபோய் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். டாக்டரின் கை அங்கே ஏற்கனவே இருந்தது. என்னுடையதும். நாங்கள் மூவரும் அப்படி நின்று, ஒரு மனிதர் தன் முகத்துக்கு ஒரு ரப்பர் மாஸ்க்கைக் கொண்டுபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டிக். டிக். டிக்.

இழுத்து முடித்து மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினார். "ஆரம்பிங்க முசே" என்றார் டாக்டரைப் பார்த்து.

டாக்டர் சிரித்துக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்தார். நான் கட்டுத் துணியை எடுக்க அஞ்சலையின் பின்பக்கமாகப் போனேன். அவள் முகம் எதுவும் நடக்காதது போல இருந்தது. முதுகுக்குப் பின்னால் அவளுடைய இரண்டு கைகளும், விரல் நுனிகள் வெளுக்கும்படி, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.